முதலில் பிரேக்

வருஷக்கணக்காக ஷெட்டில் கிடந்த காரைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "ஸ்டார்ட் ஆகிடுமா?" என்றுதான். காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்துப் பழைய பெட்ரோல் வண்டிகளையே பெரும்பாலும் பார்த்துவருகிற எனக்கு அந்த ஆசை புரியும். ஐயா வாங்கிய வண்டி, அப்பா ஓட்டிய வண்டி. அதன் சத்தத்தை ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது, "பிரேக்கை மிதிச்சா கால் எங்க போய் நிக்குது?" என்பதை. இன்ஜின் ஓடாத வண்டியால் ஒருவருக்கும் ஆபத்து இல்லை. கிளம்பி, நிற்க மாட்டேன் என்கிற வண்டியால்தான் ஆபத்து.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த முதலாளி இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். நாலு சக்கரத்திலும் பிரேக் வேலை முடியும்வரை வண்டிக்குள் பேட்டரியை வைக்க விடமாட்டார். பேட்டரி இருந்தால் யாராவது சாவியைத் திருப்பிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதைத் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். நான் போவதற்கு முதல்நாள், விசேஷத்துக்கு வந்த பையன்கள் தங்கள் காரிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்து, கார்புரேட்டரில் பெட்ரோலை ஊற்றி, அந்த வீட்டு ஃபியட்டைக் கிளப்பிவிட்டார்கள். கிளம்பிய சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்திருக்கிறார்கள். பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் இடித்துத்தான் வண்டி நின்றது. பம்பர் நசுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். இன்ஜினைப் பிரித்தபோதுதான் மற்றது தெரிந்தது. ஆயில் ஏறாத இன்ஜினை உறுமவிட்டதில் கிராங்க் பேரிங்குகளில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. அத்தனை வருஷம் சும்மா கிடந்ததால் வராத கெடுதல், அந்தச் சில நிமிஷ ஓட்டத்தில் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குப் பஞ்சம் இல்லை. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் முடிகிற நீளம். அந்தப் பின்வாசலை ஒட்டிய ஷெட்டில்தான் வண்டி நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு என்று வந்தால் பூட்டுத் திறக்கும். வீடு எப்படிப் பங்காளிகளுக்குப் பொதுவோ, வண்டியும் அப்படித்தான். ஒருவர் விற்கலாம் என்றால் இன்னொருவர் வேண்டாம் என்பார். வெளியூர்களில் எத்தனையோ நல்ல வண்டிகள் காயலான் கடைக்குப் போனபோது இங்கே இத்தனை வண்டிகள் தப்பியதற்கு அந்த இழுபறிதான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்காக அந்தப் பங்காளிகளுக்கு நன்றி சொல்லவும் தயங்க மாட்டேன்.

நிற்பதில் பாதிக்கு மேல் அம்பாசிடர். வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை செய்த வண்டி. அடுத்தது ஃபியட், பின்னாளில் அதற்குப் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரும். அது நம் சென்னையிலேயே தயாரானது. பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னால் கவிழ்த்தால் இன்ஜின் முழுதாக வெளியே தெரியும். வேலை பார்க்க அதைவிட வசதியான வண்டியை நான் தொட்டதில்லை.

இந்தச் சீமையின் காய்ச்சல் வெயில் தகரத்துக்கு நல்லது, ரப்பருக்குக் கெடுதல். தொண்டி, ராமநாதபுரம் பக்கத்து வண்டி என்றால் நான் முதலில் தரையையும் சேசிஸையும் தட்டிப் பார்ப்பேன். உப்புக் காற்று தின்றிருக்கும். காரைக்குடி வண்டிக்குப் பாடி உறுதியாக இருக்கும். ஆனால் டயர், ஹோஸ், கண்ணாடி பீடிங், பிரேக் சிலிண்டரின் ரப்பர் பக்கெட் எல்லாம் விறைத்துப்போயிருக்கும்.

முதல் நாள் நான் ஸ்பேனர் எடுப்பதில்லை. வண்டியைக் கடைசியாக ஓட்டியவர் யார், அது எப்படி நின்றது என்று விசாரிப்பதுதான் அன்றைய வேலை. ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தினார்களா, கோளாறு வந்து நிறுத்தினார்களா என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ஆண்களைவிட வீட்டுப் பெரிய பெண்களிடம் கேட்டால் சரியான பதில் வரும். வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது செய்த பாடு நினைவிருக்கும்.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டு அம்பாசிடர் அப்படித்தான் பிடிபட்டது. மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. இன்ஜின். ஆச்சியின் மகனுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அப்பாவின் வண்டியில் ஏறிப் பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ஓடிக்கிட்டிருந்த வண்டிதான் தம்பி. பேட்டரி மாத்தி, ஆயில் மாத்தினாப் போதும்" என்றார். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த ஆச்சி தலையை ஆட்டினார்.

"எங்க ஓடுச்சு? கடைசியா குன்றக்குடிக்குப் போயிட்டு வரும்போது தண்ணி கொதிச்சுப்போச்சு. அவுக எறங்கி, ஒரு வீட்டுல குடத்துல வாங்கி ஊத்துனாக. மறுநாள் எடுத்தா பின்னாடி வெள்ளையாப் பொகை. பாத்துக்கலாம்னு விட்டாக. அதுக்குள்ள அவுகளுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு."

"பொகை எண்ணெய் வாடை அடிச்சுதா, ஆச்சி?"

"இல்ல தம்பி. வெந்நீர் ஆவி கணக்கா இருந்துச்சு."

அதற்குமேல் எனக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. கொதித்த சூட்டில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. அதே தண்ணீரோடு அத்தனை வருஷமும் நின்றிருக்கிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் ரிங் துருப்பிடித்து இன்ஜின் ஜாம் ஆகியிருக்கும் என்று அங்கேயே சொன்னேன். மகன் முகம் வாடியது. ஆனால் உண்மை தெரிந்தபின் யாரும் அவசரப்படுத்தவில்லை; அதுவே எனக்குப் பெரிய உதவி.

பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து நாலு துளையிலும் ஊற்றி ஊறவிட்டேன். இதில் பொறுமைதான் கருவி. சிலர் வண்டியை டாப் கியரில் போட்டு டிராக்டரால் இழுப்பார்கள். ஜாம் ஆன இன்ஜின் அப்படி விடுபடுவதும் உண்டு. ரிங் உடைந்து, பிஸ்டன் பள்ளம் கிழிந்து, சிலிண்டர் போர் முழுக்கக் கீறலோடு விடுபடும். அம்பாசிடரில் அதற்கு அவசியமே இல்லை. முன் பம்பரில் உள்ள ஓட்டை வழியே ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போடலாம். தினமும் ஊற்றிய எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஊற்றி, ஹேண்டிலில் கையின் எடையை மட்டும் வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பேன். அசைந்தால் சரி. அசையாவிட்டால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இன்ஜின் ஊறுகிற நாட்கள்தான் பிரேக்குக்கான நாட்கள்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே விட்டிருந்ததால் பின்சக்கரம் இரண்டும் டிரம்மோடு ஷூ ஒட்டிக்கிடந்தன. முன்சக்கரமும் லேசாகப் பிடித்திருந்தது. டிரம் வார்ப்பிரும்பு, சம்மட்டியால் ஓங்கினால் விரிசல் விடும். பின்தட்டில் இருக்கும் அட்ஜஸ்டரின் சதுரத் தலைக்குத் துரு எண்ணெய் விட்டு, மறுநாள் அதைப் பின்னோக்கித் தளர்த்தி, டிரம் விளிம்பைச் சுற்றி மரக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் சத்தம் செத்து விழும். ஷூ விடுபடுகிற நேரத்தில் டிரம் கணீர் என்று பேசும். அந்தச் சத்தம் வந்த பிறகு கையால் இழுத்தாலே டிரம் வந்துவிடும். உள்ளிருந்து கொட்டிய துரு சிமென்ட் தரையில் செம்மண்ணாகக் கிடந்தது.

வீல் சிலிண்டரைக் கழற்றி வைஸில் பிடித்து ரப்பர் பூட்டை உரித்தேன். உள்ளே பழுப்புச் சேறு. பிஸ்டன் நகரவில்லை. பின்பக்கத் துளையில் காற்றடித்து, துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு வெளியே தள்ளினேன். பக்கெட்டின் உதடு கருங்கல்லாக இறுகி ஓரத்தில் பிளந்திருந்தது. அது இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் போரைச் சுற்றி வளையமாக ஒரு அரிப்பு. வெளிச்சத்தில் காட்டினால் பளபளப்புக்கு நடுவே கறுப்புக் கோடு. என் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் இழுத்தேன். நகம் தட்டியது. நகம் தட்டுகிற சிலிண்டரை நான் திரும்பப் பூட்டுவதில்லை. ஹோன் போட்டு மினுக்கி, புதுப் பக்கெட் போட்டால் பெடல் அன்றைக்குக் கெட்டியாகத்தான் நிற்கும். கொஞ்ச நாளில் கசியத் தொடங்கும். அதைப் பூட்டிக் கொடுத்தவர் அப்போது வண்டியில் இருக்க மாட்டார், ஓட்டுகிறவர்தான் இருப்பார். புதிது கிடைத்தால் புதிது, கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்துப் பித்தளை ஸ்லீவ் இறக்குவது. அம்பாசிடருக்கு இன்னும் புதிதே கிடைக்கிறது. டாக்ஸியாக நாடு முழுக்க ஓடிய வண்டி என்பதால் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கையில் அகப்படாத பாகம் குறைவு.

இப்படி அரிப்பதற்குக் காரணம் பிரேக் ஆயிலின் குணம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி, ஈரம் ஏறுவது நிற்காது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 டிகிரிதான். நீள இறக்கத்தில் அடிக்கடி பிரேக் பிடித்தால் டிரம் சூட்டில் அந்த ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் அமுங்கும், சக்கரம் பிடிக்காது. ஓட்டம் இல்லையே, ஆயில் ஏன் கெடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அந்தச் சிலிண்டரின் கறுப்பு வளையத்தைக் காட்டுவேன்.

ரப்பர் ஹோஸ் இன்னும் ஏமாற்றும். வெளியே பார்த்தால் ஒரு வெடிப்பும் இருக்காது. உள்ளே வீங்கித் துளை அடைபட்டிருக்கும். மிதிக்கிற அழுத்தத்துக்கு ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு சக்கரம் பிடித்தபடியே ஓடி, டிரம் கொதித்து, புகை வந்த பிறகுதான் ஓட்டுகிறவருக்குத் தெரியும். அதனால் ஹோஸைப் பார்த்து முடிவு செய்வது என் வழக்கம் இல்லை. எல்லாம் புதிது. இரும்புப் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் விலக்கிப் பார்க்க வேண்டும். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்தக் கால அம்பாசிடரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எந்த மூலையில் பைப் விட்டாலும் நாலும் போயிற்று. மாஸ்டர் சிலிண்டரும் கண்ணில் படாமல் டிரைவர் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கும். மிதியடியை விலக்கிப் பார்க்க மறந்தவர்கள் பலர். ஆச்சி வீட்டு வண்டியில் அதன் மூடியில் இருக்கும் காற்றுத் துளையைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது.

குளவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் நின்ற வண்டிக்கு எலியும் குளவியும்தான் பெரிய எதிரி. எலி வயரைக் கடித்திருக்கும், ஏர் கிளீனருக்குள் பஞ்சு மெத்தை போட்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற சேதம். குளவி, பென்சில் நுழைகிற துளை எதுவானாலும் மண் பூசிவிடும். டேங்க் மூடியின் துளை, கார்புரேட்டரின் காற்றுத் துளை, சைலன்சர் வால் என்று எங்கும். டேங்க் மூடியின் துளை அடைபட்டால் வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பெட்ரோல் வராமல் நிற்கும். மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று இழுக்கும், மறுபடி ஓடும். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துப் பார்த்துக் காரணம் தெரியாமல் என்னிடம் அனுப்பிய வண்டி இருக்கிறது. மெல்லிய கம்பியும் காற்றும்தான் மருந்து. சீட்டுக்கு அடியில் கைவிடும் முன் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும்.

டேங்கில் பாதிக்குப் பெட்ரோல் இருக்கிறது என்று மகன் சந்தோஷமாகச் சொன்னார். மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன், வார்னிஷ் வாடை. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் இன்ஜினைக் கிளப்புகிறது. அது பறந்துபோன பிறகு மீதி காற்றோடு சேர்ந்து கெட்டியாகி, பலாப்பிசினாக ஜெட்டுகளில் ஒட்டும். நின்றுபோன அந்தப் பெட்ரோலை ஒரு சொட்டுகூட இன்ஜினுக்கு விடக் கூடாது. டேங்கை இறக்கி, வடித்து, சங்கிலித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, கழுவி, வெயிலில் காயவைத்தோம். டேங்கில் ஓட்டை இருந்தால் காலியாகத்தானே இருக்கிறது என்று கேஸ் வெல்டிங் வைக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. காலி டேங்குதான் வெடிக்கும். உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும். இதைத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அம்பாசிடர் போட்டபோது இருந்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய பெட்ரோல் ஹோஸ், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ஏ.சி. பம்ப்பின் டயாபிரம், கார்க் கேஸ்கெட் எல்லாம் நாளடைவில் இளகிவிடும். அதோடு எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பைப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஆகவே எழுப்பிய வண்டியை மறுபடி நிறுத்திவைப்பதில் முன்பைவிட இன்று கவனம் அதிகம் வேண்டும்.

பிரேக் முடிந்து, பெடல் மேலேயே கெட்டியாக நின்று, ராத்திரி முழுக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து அழுத்தி வைத்தும் எங்கும் கசியவில்லை என்று ஆன பிறகு இன்ஜினுக்கு வந்தேன். ஹேண்டில் அசையவே இல்லை. அடியில் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தினேன். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. கலங்கிய தண்ணீர் ஒரு வாளிக் கால்வாசி. அதற்குப் பின்னால்தான் கறுப்பு ஆயில். ஆச்சி சொன்ன வெள்ளைப் புகை அப்படியே கண்முன் நின்றது. ஹெட்டை இறக்கினால், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது. மூன்றாவதில் பிஸ்டன் பாதியில் நிற்க, அதன் விளிம்பைச் சுற்றிக் காவித் துரு. மற்ற மூன்றும் எண்ணெய்ப் பசையோடு சுத்தமாக இருந்தன. அந்த ஒன்றுதான் மொத்த இன்ஜினையும் பிடித்து வைத்திருந்தது. மரக்கட்டையை பிஸ்டன் தலையில் வைத்து லேசாகத் தட்டத் தட்ட, ஹேண்டிலில் என் பையன் மெல்ல அழுத்த, ஒரு கட்டத்தில் 'கிரீச்' என்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினோம்.

பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் போரில் துரு குழி பறித்திருந்தது. போர் அளந்து 20 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, ஓவர்சைஸுக்கு லேத்தில் கொடுத்தோம். ஹெட்டும் லேத்துக்குப் போனது. முகம் வளைந்திருந்ததைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. போனதுதான் போனது, வால்வு சீட்டையும் மாற்றிவிடச் சொன்னேன். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தையாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரியோடு அது நாடு முழுவதும் நின்றுவிட்டது. பழைய ஹெட்டின் மெத்தென்ற சீட் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் உள்ளே அமிழ்ந்துகொண்டே போகும், டேப்பெட் இடைவெளி இறுகும், வால்வு எரியும். கெட்டியான சீட் இறக்கிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. ரேடியேட்டரைப் பிரித்தால் கொதித்ததற்கான காரணமும் கிடைத்தது. பாதிக் குழாய்கள் சுண்ணாம்பும் துருவும் ஏறி அடைந்திருந்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றினால் அப்படித்தான் ஆகும். இனிமேல் கூலன்ட்தான் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

வயரிங் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எலி கடித்த வயரை ஒட்டுப்போட்டு ஓட்டுவது நெருப்போடு விளையாடுவது, மொத்தமாக மாற்றிவிடுங்கள். டயரும் அப்படியே. பட்டன் புதுசாக இருக்கிறதே என்று பார்க்காமல் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2000-க்கு முந்தைய டயரில் மூன்று இலக்கம்தான் இருக்கும். அதைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம்.

எல்லாம் பூட்டிய பிறகும் நான் உடனே கிளப்பவில்லை. பிளக் இல்லாமல், செல்ஃபைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, ஆயில் பம்ப் ஆயிலை மேலே ஏற்றுகிற வரை சுற்றவிட்டேன். ராக்கர் கவரைத் திறந்து வைத்திருந்தேன். ராக்கர் ஷாஃப்ட்டில் ஆயில் முத்து முத்தாகக் கசிந்து வழிந்த பிறகுதான் மூடினேன். சி.பி. பாயிண்ட் இடைவெளி 15 தௌ, பிளக் இடைவெளி 25 தௌ. கேனில் இருந்து தனிக் குழாயில் புதுப் பெட்ரோல். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல், இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. கூடத்திலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். மகன் பேசவில்லை, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலில் பணத்துக்கு மேல் ஏதாவது கிடைக்கிறது என்றால் அந்தச் சில நிமிஷங்கள்தான் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

ஆனால் கியர் விழவில்லை. கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டியிருந்தது. பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, டாப் கியரில் போட்டுக் கிளப்பி, கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தினால் பிளேட் விடுபடும். அழுத்துகிற பிரேக் நல்ல பிரேக்காக இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

சாலைக்கு வர வண்டி மட்டும் தயாரானால் போதாது. ஆர்.சி. காலமானவர் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 போட்டுப் பெயர் மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பங்காளிகள் கூடுகிற விசேஷ நாள் பார்த்து அதை முடித்தார்கள். பதிவு 15 வருஷத்தைத் தாண்டியதால் படிவம் 25 போட்டு, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-இல் 20 வருஷம் கடந்த கார்களுக்கு 10,000 ஆகியிருக்கிறது. பழைய பதிவேட்டில் கையால் எழுதிய விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே தனியாக அலைய வேண்டும். 15 வருஷம் ஆனால் பெட்ரோல் வண்டியை உடைத்துவிட வேண்டும் என்று நம் பக்கத்தில் பலர் பயந்து காயலான் கடைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு தில்லி வட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் தகுதியோடு இருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்து ஓட்டலாம். 50 வருஷம் தாண்டியவற்றுக்கு 2021 முதல் விண்டேஜ் என்று தனிப் பதிவே இருக்கிறது. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பயத்தில் உடைத்த வண்டி திரும்ப வராது.

விசேஷத்தன்று அம்பாசிடர் பிள்ளையார்பட்டி போய் வந்தது. தண்ணீர் கொதிக்கவில்லை. ஆச்சி அடுத்த நாளே ஆளனுப்பி, மறுபடி வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் வண்டியை என்ன செய்வது என்று கேட்டார். நான் சொல்லியனுப்பியது இதுதான்: ஹேண்ட் பிரேக் இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சைலன்சர் வாலில் துணி அடையுங்கள், எடுக்கும்போது மறக்காமல் உருவச் சொல்லுங்கள். அதைவிட, மாதம் ஒருதரம் யாராவது ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமவிடுவது உதவாது. ஆயிலிலும் சைலன்சரிலும் சேர்கிற ஈரம் வற்றும் அளவுக்கு இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மகன் லைசென்ஸ் வைத்திருக்கிறான். ஸ்டியரிங்கில் இருக்கும் கை கியர் அவனுக்குப் புதிது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கூட உட்கார்ந்து பழக்கிவிட்டேன். புது ரிங் போட்ட இன்ஜின் என்பதால் வேகத்தை அடக்கி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளி பார்க்க வேண்டும். அதற்கு வண்டியை ஷாப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.